கோழிக்கு முட்டை சிக்கிய சனிக்கிழமை

1

நான் நியூ ஜெர்சிக்கு வந்து இந்த ஏப்ரலோடு ஏழு வருடம் முடிந்தது. வந்த நாளை என் கணவர் செந்தில் மறப்பதில்லை. வருடாவருடம் அன்றைக்கு பக்கத்து ஊரான எடிசனுக்குப் போய் தோசை சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்த வருடம் போகவில்லை. அன்றைக்கு நான் பின்வீட்டுப் பெண்மணியின் குளியலறையில் மண்டியிட்டு, வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அமெரிக்காவுக்குப் போயிக் கோழியா புடிச்சுட்டிருக்கறே?" என்று ராசிபுரத்திலிருந்து என் தங்கை ஃபோனில் சிரித்தாள். அவளுக்கு முழுக்கதையும் சொல்வதற்குள் ஃபோன் கார்டு தீர்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மான்மவுத் ஜங்ஷனில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் வரிசையில். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பண்ணை வீடு தனியாக நிற்கிறது. எங்கள் வீடுகள் எல்லாம் ஒரு காலத்தில் அந்தப் பண்ணையின் சோளக்காடு. நிலமெல்லாம் விற்றுப்போய் மிஞ்சிய வீட்டில் லிண்டா தனியாக இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். என் மகள் கயல்விழி அந்த பஸ்ஸில்தான் போகிறாள். பள்ளியில் அவளை 'கைல்' என்று கூப்பிடுகிறார்கள். அது இங்கே பையன்களுக்கு வைக்கிற பெயர் என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவள் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டிருந்தாள்.

போன வருடம் அவள் கின்டர்கார்டன் வகுப்பில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரித்தார்கள். மூன்று வாரம் கழித்து, குஞ்சுகளை யார் வளர்க்க எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில், வெளியே துணி காயப்போடக் கூடாது என்பதற்கு அடுத்த வரியிலேயே கோழி வளர்க்கக் கூடாது என்று இருந்தது. கயல் இரண்டு நாள் அழுதாள். பஸ்ஸில் அழுதபடி உட்கார்ந்திருந்தவளைக் கண்ணாடியில் பார்த்த லிண்டா, தானே பள்ளிக்குப் போய் மூன்று குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டார். அதில் வெள்ளையாக இருந்ததற்குக் கயல் 'இட்லி' என்று பெயர் வைத்தாள். லிண்டாவின் வாயில் அது 'இட்டலீ' ஆயிற்று. கேட்பவர்கள் இத்தாலிக் கோழி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த இனம் இத்தாலியிலிருந்து வந்ததுதான் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் கயல் வேலிக் கதவைத் திறந்துகொண்டு அங்கே ஓடிவிடுவாள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணுனீங்க கண்ணு?" என்று நான் கேட்டால் "நத்திங்" என்பாள். ஆனால் அந்த நாளின் கதை முழுவதையும் கோழிக் கூண்டின் முன்னால் குந்தியபடி லிண்டாவிடம் சொல்வது எங்கள் சமையலறை ஜன்னலில் கேட்கும். நான் தமிழில் நாலு கேள்வி கேட்பேன், அவள் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் சொல்வாள். எங்கள் பேச்சு அவ்வளவுதான். லிண்டாவின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது.

2

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். இது கயலுக்குத் தெரியாது. மறைத்தேன் என்றில்லை. அவள் பிறந்ததிலிருந்து என்னை அடுப்படியிலும் காரிலும்தான் பார்த்திருக்கிறாள். சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

படித்து முடித்ததும் நாமக்கல்லில் ஒரு தீவனக் கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் நான் போவதற்குள் பண்ணைக்காரர்கள் மொபெட்டில் சாக்குப்பையோடு வந்து வாசலில் காத்திருப்பார்கள். பையில் முந்தின நாள் செத்த கோழிகள் இருக்கும். ஒவ்வொன்றாக அறுத்துத் திறந்து, எதனால் செத்தது என்று பார்த்து, மிச்சமிருக்கும் இருபதாயிரம் கோழிகளுக்குத் தண்ணீரில் எந்த மருந்தைக் கலப்பது, தீவனத்தில் சுண்ணாம்புச்சத்தை எவ்வளவு கூட்டுவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முட்டைக்குழாயில் முட்டை சிக்கிச் செத்தவை, மஞ்சள்கரு வயிற்றுக்குள்ளேயே கொட்டி அழுகியவை என்று நான் பார்க்காததில்லை.

ஒரு நாள் ஒரு பண்ணைக்கு நேரில் போயிருந்தேன். கூண்டு மூலையில் ஒரு கோழி வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டு நின்றது. அதைக் கையில் எடுக்கப் போனேன். பண்ணைக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "அத உடுங்க அம்மணி. ஒண்ணையவே பாத்துட்டு நின்னா மத்ததை ஆரு பாக்கறதுங்க?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வைத்தியமும் அதுதான். ஆள் வந்து அந்தக் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். வேலையில் இருந்த காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் கோழிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். உயிரோடிருந்த ஒன்றைக்கூடப் பிழைக்கவைத்ததில்லை.

பிறகு கல்யாணம், விமானம், எச்-ஃபோர் விசா. அந்த விசாவில் வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது. செந்தில் கம்பெனி மாறியதில் கிரீன் கார்டு வரிசையில் மறுபடி கடைசிக்குப் போனோம். போன வருடம்தான், வலது காது தெரியும்படி எடுத்த ஃபோட்டோ, கைரேகை எல்லாம் கொடுத்து முடித்து, எனக்கு வொர்க் பர்மிட் வந்தது. அந்த அட்டையை பீட்ஸாக் கடை மெனுக்கள் கிடக்கும் டிராயரில் போட்டேன். வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்கள் இங்கே எழுத வேண்டிய பரீட்சைகளுக்கு விண்ணப்பமும் வரவழைத்திருந்தேன். நாய், பூனை, குதிரை என்று அதில் நீண்ட பட்டியல் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, இதுவரை நான் குணப்படுத்திய பிராணி எது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதையும் டிராயரில் போட்டு மூடினேன். "இப்பத்தான பர்மிட் வந்திருக்குது, அப்ளை பண்ணேன்" என்று செந்தில் இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

3

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கயல் வேலிக் கதவிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "அம்மா! இட்லி இஸ் சிக்! ஷி'ஸ் நாட் ஈட்டிங்!"

பின்னாலேயே லிண்டா வந்தார். அவர் இங்கிலீஷில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். எல்லோரும் என்னை சுமதி என்று கூப்பிட்டால் அவருக்கு மட்டும் நான் 'சூ'.

"சூ, உங்க ஆளுங்கள்ல யாராவது டாக்டர் இருக்காங்களா? காலையிலேர்ந்து மூணு கிளினிக்குக்கு ஃபோன் பண்ணிட்டேன். நாய் பூனைதான் பார்ப்பாங்களாம். ஒரு இடத்துல, கொண்டுவாங்க, வலியில்லாம முடிச்சு வெச்சுடறோம்ன்னு சொல்றாங்க."

நான் கூடவே போய்ப் பார்த்தேன். இட்லி கூண்டின் ஓரத்தில் நிமிர்ந்து, காலை அகட்டிக்கொண்டு நின்றது. கண் பாதி மூடியிருந்தது. கொண்டை வெளுத்திருந்தது. வால் மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடியது. இரண்டு நாளாக முட்டைப் பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறதாம், முட்டை இல்லை என்றார் லிண்டா. ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. "நானும் ஃபோன் பண்ணிப் பாக்கறேன்" என்று இருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, மஞ்சள் பக்கங்கள் புத்தகத்தைப் புரட்டி ஒரு கிளினிக்குக்கு ஃபோன் பண்ணினேன்.

எதிர்முனையில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டாள். "ஷி இஸ் நாட் பாஸிங் மோஷன்" என்றேன்.

"கோழியால அசைய முடியலையா?"

"இல்லை, அசையுது. மோஷன் மட்டும் இல்லை."

கயல் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, "ஷி கான்ட் பூப்!" என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது புரிந்தது. பறவைகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தாள். அங்கே கூப்பிட்டால், திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச்சொன்னார்கள்.

லிண்டாவின் முகம் தெளிந்தது. "அப்போ திங்கட்கிழமை போயிடலாம்."

"திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

லிண்டா என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். முட்டை வெளியே வர முடியாமல் சிக்கியிருக்கிறது, எச்சமும் போக முடியவில்லை, இப்படியே விட்டால் நாளைக்குச் செத்துவிடும் என்றேன். நான் ஊரில் கால்நடை டாக்டர், அதிலும் கோழி டாக்டர் என்றேன். கயல் வாயைப் பிளந்தாள். "யூ'ஆர் அ டாக்டர்? லைக், அ ரியல் டாக்டர்?"

அதற்குள் செந்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க லைசென்ஸ் இல்லாம கை வெக்காத சுமதி. ஏதாவது ஆச்சுன்னா கேஸ் போட்டுருவாங்க. கிரீன் கார்டு வர்ற நேரம்."

"ஏனுங்க, அது செத்துருமுங்க."

"கோழிதானம்மா?"

கோழிதான். நாமக்கல்லில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குப் பயம் செந்தில் சொன்ன காரணத்தால் வரவில்லை. உள்ளே முட்டை உடைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கயல் பார்த்துக்கொண்டிருக்க அது என் கையில் சாகக் கூடும்.

லிண்டாவிடம் திரும்பிப் போய் உள்ளதைச் சொன்னேன். "எனக்கு இங்க லைசென்ஸ் கிடையாது. செத்த கோழியைத்தான் பார்த்திருக்கேன். உயிரோட இருக்கற கோழிக்கு இதை நான் செஞ்சதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியா உதவி பண்ணலாம், அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டுக்காரி போதும்" என்றார் லிண்டா. "என்ன வேணும், சொல்லு."

4

வெதுவெதுப்பான தண்ணீர், எப்சம் உப்பு, வாஸ்லின், நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடுகிற கால்சியம் மாத்திரை, பழைய துண்டுகள். எல்லாம் அந்த வீட்டிலேயே இருந்தது. கயல் மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கரைத்தாள். நான் இட்லியை மடியில் வைத்து, அதன் அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு வயிற்றின் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். முட்டை கைக்குத் தட்டுப்பட்டது. கத்திரிக்கோல் இல்லாமல் ஒரு கோழிக்குள் என்ன இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

இடுப்பளவு தண்ணீரில் இட்லியை உட்காரவைத்தோம். முதலில் அடித்துக்கொண்டது, சூடு உறைத்ததும் அடங்கி, கண்ணை மூடிக்கொண்டது. இருபது நிமிடம் நான் கையை எடுக்கவில்லை. கயல் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டாள். முட்டை எங்கே உண்டாகிறது, ஓடு எப்போது வரும், ஏன் சிக்குகிறது என்று அவள் இங்கிலீஷில் கேட்க, நான் தமிழில் சொன்னேன். 'நத்திங்' என்கிற வார்த்தையை அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வெளியே எடுத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, எச்சத்துவாரத்தில் வாஸ்லின் தடவி, ஹீட்டிங் பேட் விரித்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினோம். இனி இருட்டில் தனியாக விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வெந்நீர், மறுபடி பெட்டி. செந்தில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை எங்களுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொண்டுவந்தார். லிண்டா ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் பால் குடித்தார்.

மூன்றாவது தடவை தண்ணீரில் இறக்கியபோது முட்டையின் முனை தெரிந்தது. வெள்ளையாக இல்லை, சுருக்கம் விழுந்த காகிதம் மாதிரி இருந்தது. ஓடு கெட்டிப்படாத முட்டை. அழுத்தினால் உடையும், விட்டால் உள்ளே போய்விடும். இட்லியை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, லிண்டாவைத் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இட்லி முக்குகிற நேரம் பார்த்து, அது முக்கும்போது மட்டும், வயிற்றை மெல்லத் தாங்கிக்கொடுத்தேன். ஆறேழு தடவை அப்படி ஆயிற்று. பிறகு முட்டை வழுக்கி வந்து, என் உள்ளங்கையில் உடைந்தது.

கயல் மூச்சை இழுத்தாள். நான் ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு விரல்நகத்தளவு குறைந்தது. கையை நன்றாகக் கழுவி, வாஸ்லின் தடவி, உள்ளே ஒட்டியிருந்த அந்தத் துண்டைச் சுண்டுவிரலால் தொட்டு எடுத்தேன். இட்லி கழுத்தைத் தரையில் போட்டுச் சரிந்துவிட்டது. போச்சு என்றுதான் நினைத்தேன். பழைய துண்டு ஒன்றில் அதைச் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லிண்டா என் முதுகில் கை வைத்திருந்தார்.

பிறகு துண்டுக்குள் ஏதோ ஈரமாகப் பரவியது. என் சுடிதார் முழுக்க எச்சம்.

"மோஷன்!" என்று கத்தினாள் கயல். "அம்மா, ஷி பாஸ்ட் மோஷன்!"

5

திங்கட்கிழமை லிண்டா தன் பஸ் வேலையை வேறொருவரிடம் மாற்றிவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். டாக்டர் என் வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே வேறு முட்டை இல்லை, ஆனால் முட்டைக்குழாய் வீங்கியிருக்கிறது, மறுபடி சிக்க வாய்ப்பு உண்டு என்றார். மருந்து எழுதினார். கொஞ்ச காலம் முட்டை போடாமல் ஓய்வெடுக்க வேண்டும், அதற்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், தினம் சாயங்காலம் சீக்கிரமே இருட்டில் அடைத்துவிடுங்கள் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நாமக்கல்லில் பொழுது சாய்ந்த பிறகும் பல்பு எரியவிட்டு, பகலை நீட்டி நீட்டி முட்டை வாங்குவோம். இங்கே ஒரு கோழி ஓய்வெடுப்பதற்காகப் பகலைக் குறைக்கச் சொல்கிறார் ஒரு டாக்டர். அவர் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தயங்க, லிண்டா முந்திக்கொண்டார். "முட்டையை எடுத்தது இவங்கதான். இந்தியாவுல கோழி டாக்டர்."

நான் அவசரமாக, லைசென்ஸ் இல்லை, உயிருள்ள கோழிக்கு இதற்கு முன் வைத்தியம் பார்த்ததில்லை, போஸ்ட்மார்ட்டம் மட்டும்தான் என்றேன். ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருந்தது.

அவர் பேனாவை வைத்தார். "எத்தனை?"

"கணக்கில்லை. ஆயிரக்கணக்கில்."

"நான் படிக்கும்போது பதினைந்து இருபது திறந்திருப்பேன். இந்தக் குழாய் எந்த நாளில் எப்படி இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்." பிறகு எக்ஸ்ரேயைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, "இந்த நிழல் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நினைத்ததைச் சொன்னேன். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஏழு வருடமாக யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கிளம்பும்போது, புதன்கிழமைகளில் பறவைகள் அதிகம் வரும், வந்து பக்கத்தில் நின்று பாருங்கள், பரீட்சைக்கு அது உதவும் என்றார்.

வழியில் லிண்டா காரை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "இட்டலீ இனிமே முட்டையே போடலைன்னாலும் எனக்குப் பரவாயில்லை. நானும்தான் எதுவும் போடறதில்லை. நல்லாத்தானே இருக்கேன்?"

6

விண்ணப்பத்தை அந்த வாரமே நிரப்பி அனுப்பினேன். பரீட்சைகள் முடிய வருடக்கணக்கில் ஆகலாம் என்று தெரியும். குதிரையை நான் கல்லூரிக்குப் பிறகு தொட்டதில்லை. எங்கள் நூலகத்தில் குதிரைப் புத்தகங்கள் எல்லாம் குழந்தைகள் பகுதியில் இருக்கின்றன. கயலும் நானும் அங்கிருந்தே ஆரம்பித்திருக்கிறோம்.

நேற்று புதன்கிழமை. பள்ளிக்கு லீவு என்பதால் கயலையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மறுபரிசோதனைக்கு லிண்டா இட்லியைக் கொண்டுவந்திருந்தார். கொண்டை சிவந்திருந்தது. மேஜையில் வைத்ததும் டாக்டரின் பேனாவைக் கொத்தியது. அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நீங்க பாருங்க" என்றார்.

மார்பில் வைத்தேன். முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு கேட்டது. எண்ண முடியாத வேகம். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் அடித்தது. ஒரு கோழிக்குள் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். எண்ணவில்லை என்றேன். சிரித்துவிட்டு, "திரும்ப எண்ணுங்க" என்றார்.

எண்ணுவதற்கு முன்னால் கயலைப் பக்கத்தில் இழுத்து, அதை அவள் காதில் மாட்டினேன். அவள் கண் பெரிதாகிற்று. நெடுநேரம் அசையாமல் கேட்டாள்.

"ரொம்ப வேகமா ஓடுதும்மா" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். பிறகு இருவருமாகச் சேர்ந்து எண்ணத் தொடங்கினோம்.